இரண்டு சட்டக் கல்லூரி, இரண்டு உதவித்தொகை: தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பிள்ளைக்கு இரண்டு தனியார் சட்டக் கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது. ஒன்று கல்விக் கட்டணத்தில் 50 சதவீதம் உதவித்தொகை தருவதாகச் சொல்கிறது. இன்னொன்று 25 சதவீதம்தான். இரண்டிலும் அதே ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்.பி., இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பெயர். வீட்டில் உள்ளவர்கள் "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பாதிக்குப் பாதி குறைக்கிற இடத்தில் சேர்த்துவிடலாம்" என்பார்கள். தருமபுரி நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தக் கேள்வியைக் கொண்டு வரும் பெற்றோர் வருடாவருடம் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதல் வருடச் சலுகையைப் பார்க்காதீர்கள். ஐந்து வருடத்துக்கும் கணக்குப் போடுங்கள். அதோடு, படிப்பு முடிந்த பிறகான முதல் மூன்று வருடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அளவுகோல்

இரண்டு தனியார் கல்லூரிகளை ஒப்பிடுவதற்கு முன், மூன்றாவதாக ஓர் இடத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தருமபுரியிலேயே 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சேலத்திலும் 2019 முதல் ஒன்று இயங்குகிறது. இங்கே சேர்க்கை தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு வழியாக, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது. தனியார் கல்லூரி தரும் எந்த உதவித்தொகையைக் கழித்துப் பார்த்தாலும் அரசுக் கல்லூரிக் கட்டணத்தின் பக்கத்தில் பெரும்பாலும் வராது.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதில்தான் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனியார் கல்லூரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் என்ன கிடைக்கிறது என்று கேட்க இது உதவும். நல்ல நூலகமா, மாதிரி நீதிமன்றப் பயிற்சியா, வெளியூரில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தரும் ஆசிரியர்களா? பதில் கிடைத்தால் சரி. "கட்டடம் நன்றாக இருக்கிறது" என்பது மட்டுமே பதில் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

இரண்டு கல்லூரிக்கும், வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் அனுமதி நடப்பில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கல்லூரிக்கு மட்டும் பார்த்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் படிப்புக்கும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் வக்கீலாகப் பதிவு செய்வதே சிக்கலாகிவிடும். அப்புறம் உதவித்தொகையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கடிதத்தில் சின்ன எழுத்தில் இருப்பது

உதவித்தொகைக் கடிதத்தில் சதவீதம் தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி இருக்கும்: "கல்வி முன்னேற்றம் திருப்திகரமாக இருந்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்" என்றோ, "சி.ஜி.பி.ஏ. (பத்துக்கு எத்தனை என்று போடும் மொத்த மதிப்பெண் சராசரி) 7.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்" என்றோ. உங்கள் பணம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர் பூ பூத்திருப்பதைப் பார்த்தே முழு விலையும் பேசிவிட மாட்டார், காய் நிற்குமா என்றுதான் பார்ப்பார். உதவித்தொகையையும் அப்படியே பாருங்கள். நிபந்தனை எதுவாக இருந்தாலும் அது மூன்று வகைக்குள் வந்துவிடும்: மதிப்பெண், வருகைப் பதிவு, அரியர்.

மதிப்பெண் நிபந்தனைதான் ஆபத்தானது. பிளஸ் டூவில் 90 சதவீதம் எடுத்த பிள்ளை சட்டக் கல்லூரியின் முதல் செமஸ்டரில் தடுமாறுவது சாதாரணமாக நடக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒப்பந்தச் சட்டத்தையும் குற்றவியல் சட்டத்தையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகவே ஒரு வருடம் ஆகும். அவர்கள் மெதுவாகத்தான் மேலே வருவார்கள். மூன்றாம் வருடத்தில் வகுப்பில் முன்னணிக்கு வந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உதவித்தொகை முதல் வருட மதிப்பெண்ணைப் பார்த்து நின்றுபோனால், அந்தப் பிள்ளை மேலே வரும்போது பணம் இருக்காது. அரசுப் பள்ளியிலிருந்து, தமிழ் வழியிலிருந்து போகும் பிள்ளைகள் நிபந்தனை குறைந்த உதவித்தொகையைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சதவீதம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

வருகைப் பதிவு வேறு கதை. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம் என்பது பார் கவுன்சில் விதி. கல்லூரி உதவித்தொகைக்கு 85 சதவீதம் கேட்டால், வீட்டில் ஒரு சாவு, ஒரு டெங்கு காய்ச்சல் வந்தாலும் அது போய்விடும். மருத்துவச் சான்று கொடுத்தால் ஏற்பார்களா என்று கேட்டு வையுங்கள். அரியர் விஷயத்தில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தாளில் தவறினால் அந்த வருடத்துக்கு மட்டும் நிற்குமா, நிரந்தரமாகப் போய்விடுமா?

ஐந்து வருடக் கணக்கு

இப்போது ஒரு நோட்டை எடுங்கள். நான் கீழே தரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. உங்களுக்கு வந்த எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கல்லூரியில் கல்விக் கட்டணம் வருடத்துக்கு 1,80,000 ரூபாய், உதவித்தொகை 50 சதவீதம், விடுதியும் சாப்பாடும் 1,10,000. இரண்டாவது கல்லூரியில் கட்டணம் 1,40,000, உதவித்தொகை 25 சதவீதம், விடுதியும் சாப்பாடும் 90,000. முதலாவதில் சி.ஜி.பி.ஏ. நிபந்தனை உண்டு. இரண்டாவதில் தேர்ச்சி பெற்றாலே போதும்.

முதல் கல்லூரியில் ஐந்து வருடமும் உதவித்தொகையைக் காப்பாற்றிக்கொண்டால் கல்விக் கட்டணம் 4,50,000, விடுதி 5,50,000, ஆக மொத்தம் 10 லட்சம். இரண்டாவதில் கல்விக் கட்டணம் 5,25,000, விடுதி 4,50,000, மொத்தம் 9,75,000. பாதிக்குப் பாதி குறைத்த கல்லூரிதான் 25,000 ரூபாய் அதிகம். முதல் வருடத்தோடு உதவித்தொகை நின்றுபோனால் முதல் கல்லூரியின் மொத்தம் 13,60,000 ஆகிவிடும். அதாவது 3,85,000 ரூபாய் வித்தியாசம். ஆரம்பத்தில் சொன்ன சதவீதத்தில் இது எதுவுமே தெரியாது, பாருங்கள்.

இதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். உதவித்தொகை சதவீதமா, நிலையான தொகையா? கட்டணம் வருடத்துக்கு 10,000 ஏறினால் ஐந்து வருடத்தில் மொத்தம் ஒரு லட்சம் கூடும். சதவீதமாக இருந்தால் அந்த ஏற்றத்திலும் பாதியைக் கல்லூரி ஏற்கும். "வருடம் 90,000 ரூபாய்" என்று நிலையாக எழுதியிருந்தால் ஏற்றம் முழுக்க உங்கள் தலையில்தான். கட்டணத்தையே ஐந்து வருடத்துக்கு உயர்த்த மாட்டோம் என்று எழுதித் தரும் கல்லூரி கிடைத்தால் அதற்குக் கணக்கில் நல்ல மதிப்புக் கொடுங்கள்.

தேர்வுக் கட்டணம், சீருடை, புத்தகம், பஸ் கட்டணம், திரும்பக் கிடைக்கும் முன்பணம், திரும்பக் கிடைக்காத "மேம்பாட்டுக் கட்டணம்" எல்லாவற்றையும் எழுதுங்கள். உதவித்தொகை பெரும்பாலும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், இவற்றுக்குக் கிடையாது.

கல்லூரிக் கட்டணத் தவணை எப்போது வருகிறது என்பதும் நம் பக்கத்தில் பெரிய விஷயம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் மாம்பழப் பணம் கைக்கு வருவது மே, ஜூன், ஜூலையில். ஜூலையில் கட்டச் சொன்னால் கட்டிவிடலாம். டிசம்பரில் இரண்டாம் தவணை என்றால் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. தவணைத் தேதியைக் கொஞ்சம் மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். பணத்தைக் குறைக்காத கல்லூரிகூடத் தேதியைத் தள்ளித் தரலாம்.

கல்லூரியிடம் கேட்பது எப்படி

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவில் இப்படி நிபந்தனையோடு உதவித்தொகை தரும் சட்டக் கல்லூரிகள், எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேர் அதை இழந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று அங்குள்ள வக்கீல்கள் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் விதி வைத்திருக்கிறது. நம் ஊரில் கல்லூரிகள் அதைத் தாமாகச் சொல்வதில்லை. ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும்: "போன வருடம் முதலாண்டில் இதே உதவித்தொகை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? அதில் எத்தனை பேருக்கு இந்த வருடமும் தொடர்கிறது?" சேர்க்கைப் பிரிவில் போனை எடுப்பவர் "அதெல்லாம் பிரச்சினை இல்லைங்க, எல்லோருக்கும் கிடைக்கும்" என்றால் அது பதில் ஆகாது. அந்தக் கல்லூரியின் மூன்றாம் வருட மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை வெளியே வரும்.

பேரம் பேசலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பேசலாம், ஆனால் மரியாதையோடு, எழுத்தில். உங்களுக்கு அதிகம் பிடித்த கல்லூரிக்கு இந்த மாதிரி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, பி.ஏ. எல்எல்.பி. படிப்பில் எனக்கு இடமும் 25 சதவீத உதவித்தொகையும் அளித்ததற்கு நன்றி. உங்கள் கல்லூரியில் சேரவே விரும்புகிறேன். வேறொரு கல்லூரி 50 சதவீதம் அளித்துள்ளது. அக்கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். என் தந்தை விவசாயி. குடும்ப வருமானச் சான்றையும் இணைத்துள்ளேன். என் உதவித்தொகையை உயர்த்தவோ, விடுதிக் கட்டணத்தில் சலுகை தரவோ இயலுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன்."

இல்லாத கடிதத்தை இருப்பதாக எழுதாதீர்கள். வக்கீல் தொழிலுக்கு வரப்போகிறவர் முதல் கடிதத்திலேயே பொய் சொல்லக் கூடாது. பதில் வந்தால், சொன்னதை அவர்களின் லெட்டர்பேடில் கையெழுத்தோடு வாங்குங்கள். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது. நடுவில் ஏஜென்ட் யாராவது இருந்தால் அவர் பேச்சை இன்னும் குறைவாக நம்புங்கள், அவருக்குக் கமிஷன் எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

அரசு தரும் பணம்

பலர் கல்லூரிச் சலுகையை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021-இல் வந்த சட்டத்தால் சட்டப் படிப்பும் அதில் சேர்ந்தது. இதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் கலந்தாய்வு வழியாகச் சேர வேண்டும். நேரடியாகத் தனியார் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டு இதைக் கேட்க முடியாது. தகுதி உள்ள பிள்ளைக்கு 50 சதவீதமா 25 சதவீதமா என்ற கேள்வியே தேவைப்படாமல் போகலாம்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை. பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கும் தனித் திட்டங்கள் உண்டு, இரண்டு மாவட்டக் கலெக்டர் அலுவலகங்களிலும் அதற்கான பிரிவு இருக்கிறது. நேரில் போங்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லி, "இந்தக் கல்லூரிக்கு இது வருமா, கல்லூரி உதவித்தொகையும் வாங்கினால் இதைக் குறைப்பார்களா?" என்று கேளுங்கள். கல்லூரியிடம் கேட்க வேண்டியது: அரசுப் பணம் வரும்வரை காத்திருப்பீர்களா, இல்லை முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டச் சொல்வீர்களா?

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகர நாள் பிடிக்கும்.

பெங்களூரா, தமிழ்நாடா

ஓசூர், கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு வரும் இரண்டு கடிதங்களில் ஒன்று பெரும்பாலும் பெங்களூரிலிருந்து இருக்கும். ஓசூர்க்காரர் வீட்டிலிருந்தே போய் வந்தால் விடுதிச் செலவு மிச்சம், அது பல உதவித்தொகைகளைவிடப் பெரிய தொகை. தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயில் இருக்கிறது என்றாலும் தினமும் அவ்வளவு தூரம் போய் வந்து 70 சதவீத வருகையைக் காப்பாற்றுவது நடக்காத காரியம். கிருஷ்ணகிரி நகரத்துக்கோ ரயிலே கிடையாது. ஆகவே ஓசூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் விடுதிச் செலவைச் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எங்கே தொழில் செய்யப்போகிறீர்கள்? எங்கே படித்தாலும் தமிழ்நாட்டில் பதிவு செய்துகொள்ளலாம், அதில் தடை இல்லை. ஆனால் நிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நில ஆவணங்களே வேறு: இங்கே பட்டா, சிட்டா, அடங்கல். கர்நாடகத்தில் ஆர்.டி.சி., கத்தா. அரூரிலோ ஊத்தங்கரையிலோ உட்காரப்போகும் வக்கீலுக்கு முதல் பத்து வருடம் சோறு போடுவது பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும்தான், தொப்பூர்ப் பக்கம் விபத்து இழப்பீட்டு வழக்குகளும் சேரும். கீழமை நீதிமன்றத்தில் தமிழில் மனு எழுதத் தெரிய வேண்டும். இந்தத் தொழில்தான் குறி என்றால், விடுமுறையில் நம் ஊர் சீனியர் ஒருவரின் ஆபீசில் உட்கார வசதியான தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு என் ஓட்டு. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளிலோ பெங்களூர் நிறுவனங்களிலோ சட்டப் பிரிவு வேலைதான் வேண்டும் என்றால் பெங்களூர்ப் படிப்பும் அங்கே கிடைக்கும் இன்டர்ன்ஷிப்பும் கூடுதல் செலவுக்கு ஈடு கொடுக்கும்.

படிப்பு முடிந்த பிறகு மூன்று வருடம்

கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால் இந்தப் பகுதியைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

கல்விக் கடனில் தவணை வழக்கமாகப் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தொடங்கும். 5 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 8,300 ரூபாய், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே. 10 லட்சம் என்றால் 16,600. ஒரு ஜூனியர் வக்கீலுக்கு என்ன வருமானம்? 2024-இல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா, ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப் பகுதிகளில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான். நம் பக்கத்து ஆபீஸ்களில் முதல் வருடம் அவ்வளவு கிடைக்கும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். முழுதாக 15,000 கிடைத்தாலும் 16,600 தவணை கட்ட முடியாது.

நீதிபதி ஆக வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் நம் மாவட்டங்களில் நிறைய. அவர்கள் கவனிக்க வேண்டியது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. சிவில் நீதிபதித் தேர்வு எழுதக் குறைந்தது மூன்று ஆண்டு வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்றது அது. பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு கணக்காகும். அதாவது ஐந்து வருடப் படிப்பு, பிறகு குறைந்த வருமானத்தில் மூன்று வருடம். கடன் தவணை அதன் நடுவிலேயே தொடங்கிவிடும். தவணைக்குப் பயந்து நீதிமன்றத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் அந்த மூன்று வருடம் நிறையாது. நீதிபதி ஆசை உள்ள பிள்ளைக்கு ஐந்து வருட மொத்தச் செலவு குறைந்த கல்லூரிதான் சரி, பெயர் கொஞ்சம் குறைவாக இருந்தாலும். இரண்டும் ஒப்பிடத்தக்க கல்லூரிகள் என்றால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடன் தவிர்க்க முடியாது என்றால் கல்விக் கடனுக்கான வித்யாலக்ஷ்மி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. கல்லூரி உதவித்தொகை பாதியில் நின்றால் கடன் தொகையை உயர்த்தித் தருவார்களா என்று வங்கி மேலாளரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

பணம் கட்டும் நாள்

முடிவு எடுத்த பிறகும் அவசரப்பட வேண்டாம். கட்டும் தொகைக்கெல்லாம் கல்லூரியின் ரசீது வாங்குங்கள், யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அசலைச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-இலேயே அறிவித்திருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் யு.ஜி.சி. விதிதான். கலந்தாய்வில் அரசுக் கல்லூரி இடம் பின்னால் வந்தால் இது உங்களுக்குத் தேவைப்படும், அந்த வருடத்துக்கான தேதியை யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேராத கல்லூரிக்கு இரண்டு வரி எழுதி இடத்தை விட்டுக்கொடுங்கள். அந்த உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்கு அது போகலாம். சேர்ந்த கல்லூரியின் உதவித்தொகைக் கடிதத்தையும், புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதியையும் வீட்டுக் காலண்டரில் ஐந்து வருடத்துக்கும் குறித்து வையுங்கள். மதிப்பெண் எடுத்தும் விண்ணப்பம் போட மறந்து உதவித்தொகையை இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.